உத்தரவு போடும் தலைமையும் கணக்குச் சொல்லும் தலைமையும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் சங்க ஊழியர்களின் கூட்டு வகுப்பில் நிகழ்த்திய உரை)



இரவு ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கும் ஆலைத் தோழர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நடவு வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, அந்த நாள் கூலியையும் விட்டுவிட்டு வந்திருக்கும் கிராமத்துத் தோழர்கள் பின்னால் இருக்கிறார்கள். உங்கள் நேரத்தை வீணாக்கும் உரிமை நமக்குக் கிடையாது. நேரே விஷயத்துக்கு வருவோம்.

தலைமையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தலைவர்களின் புகழைப் பாட இந்த வகுப்பு கூட்டப்படவில்லை. தலைமை என்றால் என்ன, அது எங்கேயிருந்து வருகிறது, யாருக்குக் கட்டுப்பட்டது என்பதுதான் கேள்வி. "அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்டே வளர்ந்தோம். மேலே ஒருவன் இருப்பான், அவன் சொல்வான், கீழே உள்ளவர்கள் கேட்பார்கள் என்பது பழைய தலைமை. இந்தத் தலைமையை நாம் எங்கெங்கே பார்த்தோம், அதோடு எப்படி மோதினோம், கடைசியில் அது எப்படி நம்முடைய தோளிலேயே வந்து உட்கார்ந்தது என்பதை அனுபவத்திலிருந்து சொல்கிறோம். நம்முடைய படிப்பு பத்தாவதோடு சரி. ஆகவே பெரிய தத்துவம் எதிர்பார்க்க வேண்டாம். பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறோம்.

பாட்டனாரின் தடி

எங்கள் பாட்டனார் கீழத்தஞ்சையில் ஒரு சேரியின் நாட்டாண்மையாக இருந்தவர். அந்த ஸ்தானம் அவருக்கு அவர் தகப்பனாரிடமிருந்து வந்தது. ஆனால் மிராசுதார் தலையசைத்த பிறகுதான் அது செல்லுபடியாகும். தெருவில் சண்டை என்றால் தீர்ப்பு அவருடையது. கல்யாணம், சாவு என்றால் முதல் வெற்றிலை அவருக்கு. அறுவடைக் களத்தில் மற்றவர்களுக்கு அளப்பதற்கு மேல் அவருக்கு ஒரு மரக்கால் நெல் கூடுதல். கையில் பூண் போட்ட மூங்கில் தடி. அந்தத் தடி தெருமுனையில் தெரிந்தால் திண்ணையில் இருப்பவன் எழுந்து நிற்பான்.

இத்தனை மரியாதைக்கும் அவர் செய்யவேண்டிய வேலை என்ன? விடியுமுன் தெருவில் நடந்து ஆட்களை எழுப்ப வேண்டும். வராதவன் பெயரைக் காரியஸ்தரிடம் சொல்ல வேண்டும். பண்ணையில் தண்டனை என்றால், தண்டனைக்குரியவனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சவுக்கடியும் சாணிப்பாலும் தஞ்சை மண்ணில் வெறும் கதையல்ல என்பது இங்கே இருக்கும் முதியவர்களுக்குத் தெரியும். சாணியைத் தண்ணீரில் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள். சங்கம் வருவதற்கு முன், எங்கள் பாட்டனார் தம் சொந்தத் தம்பி மகனையே ஒரு முறை பண்ணை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அவன் செய்த குற்றம்: காய்ச்சலில் கிடந்த பெண்சாதிக்குப் பக்கத்தில் இருந்துவிட்டு ஒரு நாள் வேலைக்குப் போகாதது.

1943ல் தோழர் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். தென்பரையில் தொடங்கிய சங்கம் ஊர் ஊராகப் பரவியது. சவுக்கும் சாணிப்பாலும் அந்த இயக்கத்தின் முன்னால் நிற்க முடியவில்லை. 1952ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்த மாத்திரத்தில் பண்ணையாளைத் துரத்த முடியாது என்று சர்க்கார் காகிதத்தில் எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருப் புளியமரத்தடியில் சங்கத்தின் முதல் கூட்டம் நடந்தது. எங்கள் அப்பாவுக்கு அப்போது பதினான்கு வயது. மரக்கிளையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொல்வார்.

கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசினார்கள். எவ்வளவு கேட்பது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பாட்டனார் தடியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பயமும் கோபமும் அவர் முகத்தில் சேர்ந்தே இருந்தன. நம் தெருவுக்கு நாம்தானே தலைவர், இது என்ன புதுக்கூட்டம் என்ற கோபம். இது ஆண்டே காதுக்குப் போனால் என்ன ஆகும் என்ற பயம். அப்போது கூட்டத்தை நடத்திய தோழர் அவரைப் பார்த்து, "பெரியவரே, உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

பாட்டனார் வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு சொன்னாராம்: "இருபது வருஷமா நாட்டாண்மை பண்றேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லே. ஆண்டே சொன்னதை இவங்ககிட்டச் சொல்லுவேன். அவ்வளவுதான்."

தோழர்களே, பழைய தலைமையைப் பற்றிய முதல் பாடம் இதுதான். கீழே இருப்பவர்களுக்கு உத்தரவு போடும் நாட்டாண்மை மேலே இருப்பவனுக்கு அடிமை. அவர் கையில் இருந்த தடி அவருடையதல்ல. அவர் தெருவின் தலைவரே அல்ல. தெருவுக்குள் மிராசுதார் நீட்டிய கை அவர். ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே ஊராருக்கு அவர் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. தேர்ந்தெடுத்தவனுக்குத்தானே பதில் சொல்ல வேண்டும்?

அந்தக் கூட்டத்தில் கூலி கேட்கும் தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். கடைசியாகப் பாட்டனாரும் தூக்கினார். அடுத்த அறுவடையில் அவருக்குக் கூடுதல் மரக்கால் கிடைக்கவில்லை.

ஆலைக்குள் மேஸ்திரி

ஆலைத் தோழர்கள், "அது கிராமத்துச் சங்கதி, எங்களுக்கென்ன?" என்று நினைக்க வேண்டாம். ஆலைக்குள் அதே நாட்டாண்மைதான் கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் பெயர் மேஸ்திரி, ஜாபர்.

நூலாலைகள் எழும்பிய காலத்தில் முதலாளி தொழிலாளியை நேரே வேலைக்கு எடுக்கவில்லை. மேஸ்திரி எடுத்தான். தன் ஊரிலிருந்து, தன் சாதியிலிருந்து, தன்னிடம் கடன்பட்டவர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தான். வேலைக்குச் சேர மாமூல், வேலையில் நீடிக்க மாமூல், பதிலி ஆளாக ஒரு நாள் உள்ளே போகவும் மாமூல். எந்த மெஷின், எந்த ஷிப்ட், யாருக்கு லீவு என்பதெல்லாம் அவன் வாயிலிருந்து வந்தது. 1929ல் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு ராயல் தொழிலாளர் கமிஷன் போட்டது. 1931ல் அது அறிக்கை தந்தது. தொழிலாளி வர்க்கத்துக்கு நண்பர்கள் என்று சொல்ல முடியாத அந்தக் கமிஷன்காரர்களே, ஆளெடுக்கும் அதிகாரத்தை ஜாபரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று எழுத வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு நாற்றம் எடுத்திருந்தது.

மேஸ்திரியை வெறும் கொடியவன் என்று மட்டும் சொன்னால் விஷயம் விளங்காது. அவன் சில சமயம் உதவியும் செய்தான். பட்டணத்தில் ஒண்டக் குடிசை பார்த்துக் கொடுத்தான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கடன் கொடுத்தான். ஆகவே தொழிலாளி அவனை "அண்ணே" என்று கூப்பிட்டான். அடிக்கிற கையே அணைக்கிற கையாகவும் இருந்தது. பழைய தலைமையின் பலம் இதில்தான் இருக்கிறது. அது தடியால் மட்டும் நிற்பதில்லை. நன்றிக்கடனாலும் நிற்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தயவாகக் கொடுக்கிறான். வாங்கியவன் வாய் திறக்க மாட்டான்.

அந்த ஜாபர் போய்விட்டானா? பெயர் போயிற்று. 1990களிலும் 2000த்துக்குப் பிறகும் தென்மாவட்டக் கிராமங்களுக்கு ஏஜெண்டுகள் போனார்கள். மூன்று வருஷம் மில்லில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி ஏழைப் பெண்களை விடுதிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று அழகான பெயரும் வைத்தார்கள். "பெத்தவங்களைப் போலப் பார்த்துக்குவோம்" என்றார்கள். எதிர்த்துப் பேசக்கூடாது என்பதற்குத்தான் இங்கே "பெத்தவங்க" என்று பெயர்.

தரையில் உட்கார்ந்த தலைவர்

இன்னொரு பக்கம் பாருங்கள். 73வது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்தது. ஊராட்சித் தலைவர் பதவிகளில் ஒரு பங்கு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, ஒரு பங்கு பெண்களுக்கு என்றாயிற்று. 1996ல் தமிழ்நாட்டில் தேர்தல் வந்தது. அப்போது என்ன நடந்தது?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 10 ஆண்டுக் காலம், 2006 வரை, ஒழுங்காக ஒரு தலைவர் நிலைக்க முடியவில்லை. தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவதை ஆதிக்கச் சக்திகள் பொறுக்கவில்லை. மேலவளவில் முருகேசன் துணிந்து நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30ந் தேதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவரையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் மாண்டார்கள்.

ஒரு ஊராட்சித் தலைவரிடம் அப்படி என்ன பெரிய அதிகாரம் இருக்கிறது? குழாய் போடுவது, தெருவிளக்கு, கொஞ்சம் நிதி. இதற்காகவா ஆறு உயிர்? இல்லை, தோழர்களே. "தலைமை எங்கள் பிறப்புரிமை, உன்னுடைய பிறப்பில் கீழ்ப்படிதல்தான் எழுதியிருக்கிறது" என்ற எண்ணம் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரைக் கொளுத்தினார்களே, பெண்களையும் குழந்தைகளையும், அதற்கும் கூலித் தகராறு மட்டும் காரணமல்ல. "செங்கொடியை இறக்கு, உன் சங்கத்தை விடு, எங்கள் சங்கத்தில் சேர்" என்ற உத்தரவுக்கு அவர்கள் பணியவில்லை. கூலியைக்கூட ஒரு படி ஏற்றிக் கொடுக்க ஆண்டைக்கு மனம் வரலாம். கூலிக்காரன் தன் தலைவனைத் தானே தேர்ந்தெடுப்பதை மட்டும் அவனால் சகிக்க முடியாது.

இன்றைக்கும் சில ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள், கொடியேற்ற விடவில்லை என்று செய்தி வரும்போது நம் ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் நம்முடைய சங்க ஆபீசில் யார் நாற்காலியில் உட்காருகிறார்கள், யார் தரையில் உட்காருகிறார்கள் என்பதையும் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம்.

சங்கத்துக்குள் வந்த நாட்டாண்மை

ஒரு நூலாலை. பெயர் வேண்டாம். 2013ஆம் வருஷம். தீபாவளி போனஸ் பிரச்னை. அப்போது நடப்பில் இருந்த 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது 8.33 சதம், அதிகபட்சம் 20 சதம். 20 சதம் கேட்டு ஐந்து நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எல்லோரும் நின்றார்கள். ஸ்பின்னிங் தொழிலாளிகள் நின்றார்கள். கார்டிங் நின்றது. கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த பெண்களும் நின்றார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் "பயிற்சியாளர்" என்ற பெயரில் இருந்தவர்கள். மூன்று வருஷமாக அதே மெஷினில் அதே வேலை. ஆனால் பெயர் பயிற்சியாளர்.

ஐந்தாம் நாள் இரவு பேச்சுவார்த்தை. பட்டியலில் உள்ள தொழிலாளர்களுக்கு 14 சதம் தருவதாக நிர்வாகம் இறங்கி வந்தது. பயிற்சியாளர்களுக்குச் சட்டத்தில் போனஸ் இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றது. மணி பதினொன்று. எல்லோருக்கும் களைப்பு. "இதற்கு மேல் கிடைக்காது, கையெழுத்துப் போட்டுவிடலாம், தொழிலாளர்களுக்கு நாம் சொல்லிப் புரிய வைத்துக்கொள்ளலாம்" என்று முடிவு செய்தோம். போட்டோம்.

மறுநாள் காலை கேட் கூட்டம். வெற்றி என்று அறிவித்தோம். கைதட்டினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து வைண்டிங் பெண் ஒருவர் எழுந்தார். "எங்களுக்கு என்ன ஆச்சு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னே எங்களைக் கேட்டீங்களா?" என்றார்.

அதற்கு என்ன பதில் கிடைத்தது தெரியுமா? "உட்காரும்மா. உனக்கு இதெல்லாம் தெரியாது. எல்லாம் சங்கம் பார்த்துக்கும்."

இந்தப் பதிலைச் சொன்னது யார்? "நாங்கள்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. இதோ இப்போது உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கும் இந்த வாய்தான் சொன்னது. கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்தார். நமக்கு அன்று அது ஒரு விஷயமாகவே படவில்லை.

இரண்டு வருஷம் கழித்து நிர்வாகம் பதினொரு தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்தது. கமிட்டியில் முன்னால் நின்றவர்கள்தான் அத்தனை பேரும். நாம் வேலைநிறுத்த அறைகூவல் விட்டோம். முதல் நாள் காலையில் கேட்டில் நின்று பார்க்கிறோம், கம்பெனி பஸ் வருகிறது. ஜன்னல் ஓரத்தில் வைண்டிங் பெண்கள். யாரும் நம்மைப் பார்க்கவில்லை. பஸ் உள்ளே போயிற்று. பதினெட்டு நாள் நின்று பார்த்தோம். பத்தொன்பதாம் நாள் வேலைநிறுத்தம் உடைந்தது. அந்தப் பதினொரு பேரில் ஏழு பேருக்கு அதற்குப் பிறகு எந்த ஆலையிலும் நிலையான வேலை கிடைக்கவில்லை. ஒருவர் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக இருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் "வாங்க தோழர்" என்றுதான் சொல்கிறார். குறை சொல்லவில்லை. குறை சொன்னால்கூட மனம் ஆறும்.

அன்று கேட்டில் நின்ற சில தோழர்கள் அந்தப் பெண்களைக் கருங்காலிகள் என்று ஏசினார்கள். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். மாதங்கள் கழித்து, முன்பு கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப் போனோம். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபப்படாமல் சொன்னார்: "மொதலாளி எங்களைக் கேட்கலே. சூப்பர்வைசர் கேட்கலே. நீங்களும் கேட்கலே. உங்க மூணு பேருக்கும் என்ன வித்தியாசம்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

புளியமரத்தடியில் ஒரு தோழர் எங்கள் பாட்டனாரைப் பார்த்து, "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் சங்கத்தை உண்டாக்கியது. அதே சங்கத்தின் பெயரால் பேரப்பிள்ளை ஒரு பெண்ணைப் பார்த்து, "உட்காரும்மா" என்றான். தடி கையில் இல்லை. மைக் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது புதிய தவறும் அல்ல. 1918 ஏப்ரல் 27ந் தேதி சென்னை பெரம்பூரில் நாட்டின் முதல் சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் போன்ற பெரியவர்கள் அதற்குத் தலைமை தாங்கினார்கள். அவர்களுடைய தியாகத்தை நாம் மறக்க மாட்டோம். ஆனால் 1921ல் அந்த ஆலைகளில் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு சாதிக் கலவரம் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. நிர்வாகமும் சர்க்காரும் பிளவை ஊதிவிட்டது உண்மை. ஆனால் விரிசல் இல்லாத சுவரில் ஆப்பு இறங்காது. ஊரில் ஒதுக்கி வைக்கப்பட்ட மனிதனை ஆலைக்குள்ளும் சமமாக உட்காரவைத்துப் பேசாவிட்டால், "ஒற்றுமை" என்ற நம் கூப்பாடு அவன் காதில் இன்னொரு உத்தரவாகத்தான் விழும்.

கட்டுப்பாடு வேண்டாமா?

சில தோழர்கள் கேட்பார்கள்: "முதலாளி ஒரே குரலில் பேசுகிறான். போலீஸ் ஒரே உத்தரவில் நடக்கிறது. நாம் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இருந்தால் போராட்டம் நடக்குமா? கட்டுப்பாடு வேண்டாமா?"

வேண்டும். கட்டாயம் வேண்டும். தலைமையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தலைமை இல்லாத கூட்டத்தை முதலாளி ஊதித் தள்ளிவிடுவான். ஆனால் கட்டுப்பாடு வேறு, கீழ்ப்படிதல் வேறு. முடிவில் நமக்குப் பங்கு இருந்தால் அதைக் காப்பது கட்டுப்பாடு. முடிவில் பங்கே இல்லாமல் தலையாட்டுவது கீழ்ப்படிதல். முன்னது அடி விழும்போது இறுகும். பின்னது அடி விழும்போது சிதறும்.

1928ல் பம்பாய் நூலாலைத் தொழிலாளர் ஒன்றரை லட்சம் பேர் சுமார் ஆறு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு மாதம், தோழர்களே! அரிசி இல்லை, வாடகை இல்லை. அந்த நாளில்தான் கிர்ணி காம்கார் யூனியன் எழுந்தது. அது மேலேயிருந்து அறிக்கை விட்டு மட்டும் வளரவில்லை. ஆலைக்கு ஆலை தொழிலாளர்களின் கமிட்டிகள் அமைந்தன. மெஷின் பக்கத்தில் நிற்பவனே கமிட்டியில் உட்கார்ந்தான். அதனால்தான் ஜாபரின் பிடி தளர்ந்தது, சங்கத்தின் வேர் இறங்கியது.

தோழர் சீனிவாசராவையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னட நாட்டில் பிறந்தவர். பிராமணக் குடும்பம். தஞ்சைச் சேரிக்கு அவர் எந்த விதத்திலும் பரம்பரைத் தலைவர் அல்ல. பிறப்பு அவருக்கு அங்கே ஒரு முழத் துண்டு அதிகாரம்கூடக் கொடுக்கவில்லை. சேரியில் தங்கினார், அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார், அவர்கள் பேசியதைக் கேட்டார், அடி விழும் இடத்தில் கூட நின்றார். 1961ல் அவர் மறைந்தார். இன்றும் கீழத்தஞ்சையில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். இது உத்தரவால் வருகிற மரியாதையா?

நம்முடைய சர்வதேச இயக்கத்தின் அனுபவத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1956 பிப்ரவரியில் சோவியத் கட்சியின் 20வது காங்கிரஸ் தனிநபர் வழிபாட்டின் கேடுகளை எடுத்துச் சொன்னது. அது கசந்தது. சொன்னதை முழுக்கச் சரிசெய்தார்களா? 1991ல் அந்த ஆட்சி கலைந்தபோது, கிட்டத்தட்ட இரண்டு கோடி உறுப்பினர் கொண்டிருந்த கட்சிக்காகத் தெருவில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. ஏகாதிபத்தியத்தின் சூழ்ச்சி இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் "கேட்காதே, மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்ட தொழிலாளி, கடைசி நாளிலும் மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். நம்முடைய ஆலைக் கேட்டில் பஸ் உள்ளே போனது போலத்தான் அதுவும்.

ஆகவே என்ன செய்வது?

சுயவிமர்சனம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வதால் யாருக்கும் கூலி உயராது. காரியம் வேண்டும். அந்த ஆலைச் சம்பவத்துக்குப் பிறகு நம் பகுதியில் சில வழக்கங்களை ஏற்படுத்தினோம். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, எந்த ஒப்பந்தமும் கையெழுத்துக்கு முன் கேட்டில் வாசிக்கப்பட வேண்டும். களத்துக் கூலி என்றால் தெருவில் வாசிக்கப்பட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி, யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லாதவர்கள் முதலில் பேச வேண்டும். பிறகு கை தூக்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னால், "காலையில் எங்கள் ஆட்களைக் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று எழுந்து வர வேண்டும். நிர்வாகம் கோபப்படும். படட்டும்.

இரண்டாவது, கணக்கு. சந்தா எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று மாதாமாதம் போர்டில் எழுத வேண்டும். டீச் செலவு வரை எழுத வேண்டும். சங்கப் பணத்தில் கணக்குக் கேட்பவனைச் சந்தேகக்காரன் என்று நினைப்பது நாட்டாண்மைப் புத்தி.

மூன்றாவது, கமிட்டியில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வைண்டிங் பெண்கள் இருக்கிறார்களா? பதிலி ஆட்கள், காண்ட்ராக்ட் ஆட்கள் இருக்கிறார்களா? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதியில் இருக்கும் தொழிலாளியிடம் பேச அவன் பாஷை தெரிந்த ஒருவன் இருக்கிறானா? கிராமத்தில் நடவுக்குப் போவது பெண்கள், கமிட்டியில் உட்காருவது ஆண்கள் என்றால், அது பாதிச் சங்கம்தான்.

நான்காவது, நம்மைப் போன்ற முழுநேர ஊழியர்களுக்கு. நாம் மெஷின் ஓட்டுவதில்லை, நாற்றுப் பறிப்பதில்லை. அவர்கள் சந்தாவிலும் நன்கொடையிலும் சாப்பிடுகிறோம். நம் சட்டை வெள்ளையாக இருப்பதால் நம் மூளையும் பெரிதாகிவிடவில்லை. ஒரு கூட்டத்தில் நாம் எவ்வளவு நேரம் பேசினோம், தொழிலாளர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கவனித்தால் நம் வியாதி நமக்கே தெரியும். இன்றைக்கு இந்த உரையே நீண்டுவிட்டது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்தால் வேலை தாமதமாகிறது என்பது உண்மை. கூச்சல் வருகிறது. சில சமயம் நாம் சரி என்று நினைத்தது தோற்றும் போகிறது. ஒரு முறை நாம் வேண்டாம் என்று சொன்ன போராட்டத்தைத் தொழிலாளர்கள் கை தூக்கி முடிவு செய்தார்கள். அவர்களோடு நின்றோம். அதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் யாரும் பஸ்ஸில் ஏறி உள்ளே போகவில்லை. பாதி கிடைத்ததற்கு யாரையும் பழி சொல்லவும் இல்லை. ஏனென்றால் முடிவு அவர்களுடையது.

தோழர்களே!

அந்த வைண்டிங் பெண் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நாம் மன்னிப்புக் கேட்டவுடன் அவர் சங்கத்துக்கு வந்துவிடவில்லை. ஒரு வருஷம் பார்த்தார். வாசலில் கணக்குப் போர்டு வந்ததைப் பார்த்தார். பிறகு ஒரு நாள் நான்கு பெண்களோடு ஆபீசுக்கு வந்தார். சந்தா கட்டுவதற்கு முன், "போன மாசக் கணக்குல ஆட்டோ செலவு முன்னூறுன்னு போட்டிருக்கு. யாரு, எங்கே போனாங்க?" என்று கேட்டார்.

கேள்வி நம்மைப் பார்த்துத்தான். போனது நாம்தான். எங்கே போனோம், எதற்குப் போனோம் என்று அவர் முன்னால் நின்று சொன்னோம். ரசீதையும் எடுத்துக் காட்டினோம். அவர் பார்த்துவிட்டுச் சந்தா கட்டினார்.

எங்கள் பாட்டனார் இருபது வருஷம் தலைவராக இருந்தும் யாருக்கும் கணக்குச் சொன்னதில்லை. அதனால் அவருக்கு ஒரு மரக்கால் நெல் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு ஆபீசில் நமக்குக் கிடைத்தது ஐந்து சந்தா. அந்த ஐந்தும் கேட்டு, பார்த்து, நம்பிக் கொடுத்த சந்தா. சங்கம் என்பது அப்படிப்பட்ட சந்தாக்களால் ஆனது.

இப்போது நாம் உட்காருகிறோம். நீங்கள் எழுந்து பேசுங்கள். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.